பெரிய தட்டு

சின்னதா பெரிதா என்று அந்தப் பெண் இரண்டாவது தடவையாகக் கேட்கிறாள். கேள்வி துவாரகனுக்கு. துவாரகன் என்னைப் பார்க்கிறான், ஆகவே அவளும் என்னைப் பார்க்கிறாள். கண்ணாடி மேசைமேல் இரண்டு தட்டுகள் கிடக்கின்றன. ஒன்று சோற்றுக் கோப்பை அளவு, வட்டம். மற்றது சுளகு அளவு, நீள்வட்டம். தங்கம் தேடும் மெசினின் அடியில், நிலத்தைத் தடவிக்கொண்டு போகிற பகுதி இது. இவர்கள் கொயில் என்கிறார்கள். கொயில் என்றால் எனக்கு நுளம்புத்திரிதான் ஞாபகம் வரும், நாங்கள் ஊரில் தட்டு என்றுதான் சொன்னோம். நான் இரண்டு கைகளையும் ஜம்பர் பொக்கற்றுக்குள் விட்டிருக்கிறேன். குளிருக்கு என்று நினைத்துக்கொள்ளட்டும். பதினொரு வருசமாக இந்தச் சாதி மெசின் ஒன்றையும் தொடாதவன், மெல்பேர்னிலிருந்து இரண்டு மணித்தியாலம் காரில் வந்து, தங்கம் தோண்டுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடையில் நிற்கிறேன். ஏன் வந்தேன்? துவாரகன் யாரிடமோ பழைய மெசின் ஒன்றை வாங்கிவிட்டான், அதன் தட்டு வெடித்துப்போயிருந்தது, புதிதாக ஒன்று வேண்டும். "நீங்கள் வந்தாக் காணும் அண்ணை, உங்களுக்குத் தெரியாத மெசினே" என்றான். வேலை இருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன், வாயில் "ஓம்" வந்துவிட்டது. எனக்கு எப்போதும் இதே வியாதி. சொல்ல வேண்டியது தொண்டையில் நிற்கும், வேறொன்று முந்திக்கொண்டு வெளியே வந்துவிடும். கடைக்காரியின் பெயர் ஜூடி, சட்டையில் குத்தியிருக்கிறாள். அறுபது வயது இருக்கும், விரல் நகங்களுக்குள் செம்மண். அவசரம் இல்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்கிறாள். யோசிக்கச் சொல்லாதே அம்மா, யோசிக்கிறதுதான் எனக்கு முழுநேர உத்தியோகம், கோழித் தொழிற்சாலையில் வெட்டுகிறது பகுதிநேரம்.

துவாரகன், ஊரில் என்னோடு வேலை செய்த வதனியின் தம்பி. இதை எனக்கு நானே ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் அவன் சிரிப்பில் அது மறந்துபோகிறது. மூன்று வருசத்துக்கு முன் மனைவியின் விசாவில் இங்கே வந்தான். கோயில் அன்னதானத்தில் எனக்கு முன்னால் சாம்பார் வாளியோடு நின்றவன், "நீங்கள் குகதாசன் அண்ணையோ? கண்ணிவெடி எடுக்கிற இடத்தில வேலை செய்த தாசண்ணையோ?" என்று கேட்டான். ஓம் என்றேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தான், வலது கையை. "இந்தக் கைதானே அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடினது" என்றான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கையை இழுக்கவும் முடியாது, விடவும் முடியாது, இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சாம்பார் வாளிக்கு முன்னால் நின்று எப்படிச் சொல்வது என்று அன்றைக்கு நினைத்தேன். பிறகு அவன் பிள்ளையின் பிறந்தநாளில் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். பிறகு கார் ஓட்டுகிறவனிடம் சொன்னால் எங்காவது மோதிவிடுவான் என்று நினைத்தேன், இன்று காலை நினைத்ததும் அதுதான். வழி முழுக்க அவன் யூரியூப்பில் பார்த்த தங்கக் கட்டிகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தான். முதலில் கிடைக்கிற துண்டு அக்காவுக்கு என்றான். நான் கண்ணாடி வழியாக யூக்கலிப்டஸ் மரங்களைப் பார்த்தேன். இந்த மரங்களுக்கு நிழலே இல்லை, இலைகள் வெயிலுக்குப் பக்கவாட்டில் திரும்பித் தொங்குகின்றன. முகம் கொடுக்காத மரங்கள். எனக்கு இந்த ஊரில் பிடித்த ஒரே சாமான் அவைதான்.

ஜூடி இழுப்பறையிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுக்கிறாள். குச்சியின் நுனியில் பசை வைத்து ஒரு தங்கப் பொட்டு ஒட்டியிருக்கிறது. கடுகில் பாதி. பாருங்கள், இதுவும் தங்கம்தான், இந்தப் பக்கத்தில் மேல்மண்ணில் இதுதான் அதிகம் கிடக்கிறது என்கிறாள். மெசினைப் போட்டுப் பெரிய தட்டைக் கொழுவி, அதற்கு மேலே தீக்குச்சியை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறாள். மெசின் ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கிறது. ஒன்றுமில்லை. கிட்டக் கொண்டுபோகிறாள். ஒன்றுமில்லை. நான் சுவரில் மாட்டியிருக்கிற மண்வெட்டிகளை எண்ணுகிறேன். பதினான்கு. பெரிது ஆழம் போகும், இடமும் கெதியாக முடியும், ஆனால் சின்னதைக் கண்டுகொள்ளாது என்கிறாள் ஜூடி. பிறகு சின்னத் தட்டைக் கொழுவித் தீக்குச்சியை ஆட்டுகிறாள். ஊய் என்று ஒரு சத்தம், நாய்க்குட்டி முனகுகிற மாதிரி, மெல்லியது, எழும்பி விழுகிறது. துவாரகன் சிரிக்கிறான். எனக்கு முழங்கால் இரண்டும் மடியப் பார்க்கின்றன. பயத்தில் இல்லை, பழக்கத்தில். அந்தச் சத்தம் வந்தால் அங்கே நாங்கள் முழங்காலில் இருந்துதான் கேட்போம். தட்டைப் பின்னுக்கு இழுப்போம், இன்னொரு தடவை கேட்போம், மூச்சைக் கூட மெதுவாக விடுவோம், பிறகு பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டு போவோம். ஆயிரம் தடவை ஆணி, துவக்குச் சன்னக் கோது, மீன் ரின். ஆயிரத்து ஓராவது தடவை மிதிவெடி, பிளாஸ்ரிக் உடம்புக்குள் ஒரு குண்டூசி இரும்பு, பச்சை நிறத்தில், சவர்க்காரப் பெட்டி மாதிரி. இங்கே அதே சத்தத்துக்கு மனிதர்கள் சந்தோஷப்படுகிறார்கள். உலகம் சரியான விசர் உலகம்.

ஊரில், பளைக்குக் கிட்ட ஒரு தென்னங்காணி, நிலம் முழுக்க மிதிவெடி. யுத்தத்தில் தலை போன தென்னைகள், வரிசை மட்டும் குலையாமல் நின்றன. அங்கே நான் பன்னிரண்டு பேருக்குப் பொறுப்பு, அதில் ஒன்பது பேர் பெண்கள். வதனிக்கு இருபத்தாறு வயது, தகப்பன் இல்லை, தாயும் தம்பியும் அவள் சம்பளத்தில் சாப்பிட்டார்கள், அந்தத் தம்பி இப்போது எனக்குப் பக்கத்தில் நின்று பெரிய தட்டைத் தடவிக்கொடுக்கிறான். முதல் நாள் வகுப்பிலும் கடைசி நாள் வகுப்பிலும் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான். தலையில் சிவப்புப் பூசின கட்டைகள் நட்டிருக்கும். கட்டைக்கு இந்தப் பக்கம் பார்த்து முடித்த நிலம், படுத்து உருளலாம். அந்தப் பக்கம் பார்க்காத நிலம், கால் வைக்கக் கூடாது. கட்டையைத் தாண்டாதே. அவ்வளவுதான் மதம். வதனி அந்த மதத்தில் சரியான பக்தி. தண்ணீர்ப் போத்தல் கட்டைக்கு அந்தப் பக்கம் உருண்டு போனால் அப்படியே விட்டுவிட்டு வருவாள், மற்றவர்கள் தடியால் இழுத்து எடுப்பார்கள். மாசி மாதம், காசு கொடுக்கிற நாட்டிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று அறிவித்தல் வந்தது. அவர்கள் நின்று பார்ப்பதற்கு உள்ளே ஒரு மேடு, மேட்டுக்குப் போக ஒரு பாதை, இருபது மீற்றர். சின்னத் தட்டால் பார்த்தால் இரண்டு நாள் வேலை, அடுத்த நாள் மத்தியானம் வருகிறார்கள். மேலிடத்தில் ஒருவரும் என்னைக் கெதியாகச் செய் என்று சொல்லவில்லை. இதை நான் எனக்கே அடிக்கடி சொல்லிக்கொள்வேன், ஏனென்றால் யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். முடியாது என்று சொல்லியிருக்கலாம். வாயில் "ஓம், முடிக்கலாம்" வந்துவிட்டது.

ஆழத்தில் கிடக்கிற பெரிய குண்டுகளைத் தேடுகிற குழு ஒன்று பக்கத்துக் காணியில் இருந்தது. அவர்களிடம் பெரிய தட்டு இருந்தது. பின்னேரம் எல்லோரையும் லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அதை இரவல் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தனியே போனேன். ஒருவரும் காணவில்லை. பெரிய தட்டு அந்த மண்ணுக்கு மேலே என்ன அழகாகப் போனது. ஒரு வீச்சில் பாதை முழுதும் அடங்கியது. இரண்டு நாள் வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்தது, இரண்டு ஆணியும் ஒரு வளையலும் கிடைத்தன, பித்தளை வளையல். இரண்டு பக்கமும் சிவப்புக் கட்டை நட்டேன். பெரியது சின்னதை விட்டுவிடும் என்று எனக்குத் தெரியும், வகுப்பில் அதைப் படிப்பித்தவனே நான்தான். தெரிந்துகொண்டு ஏன் செய்தேன் என்றால், தெரிந்தது ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போகும், அப்படி ஒரு பின்னேரம் எல்லோருக்கும் வரும், எனக்கு அது வெடிக்காணிக்குள் வந்தது. இப்படி யோசித்தால் ஒரு நாள் நித்திரை வரும். அடுத்த நாள் வராது. விடிய ஆறரைக்குப் பாதைக்குக் கயிறு கட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது. "நான் போறன் அண்ணை, நீங்கள் ரீயைக் குடியுங்கோ" என்றாள் வதனி. நான் ரீயைக் குடித்தேன். இஞ்சி போட்ட ரீ. சத்தம் பெரிதாக இல்லை, தேங்காய் விழுந்த மாதிரித்தான் இருந்தது, ஆனால் அந்தக் காணியில் தேங்காயே இல்லை.

தூக்கிக்கொண்டு ஓடினது உண்மை. அதை ஒருவரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. இடது கால், முழங்காலுக்குக் கீழே. அவள் கத்தவில்லை, "அண்ணை, நான் கட்டையைத் தாண்டீட்டனோ?" என்று கேட்டாள், திரும்பத் திரும்ப. அம்புலன்சில் ஏற்றினோம். பிறகு அவளின் தலைக்கவசக் கண்ணாடியை எடுக்கப் போகிறேன் என்று சொல்லி நான் திரும்பிப் போனேன். விசாரிக்கிறவர்கள் வரும்வரைக்கும் ஒருவரும் ஒன்றையும் தொடக்கூடாது என்பது சட்டம். பாதைக்கு உள்ளே, ஓரத்தில் குழி. குழிக்கு வெளியே நின்ற கட்டை வெடி அதிர்வில் விழுந்து கிடந்தது. விழுந்த கட்டையை எடுத்து நட்டேன். இதிலே என்ன குற்றம்? விழுந்ததை எடுத்து நடுவது மனிதனின் சுபாவம், கதிரை விழுந்தால் தூக்கி வைக்கிறோம். குழிக்கு அந்தப் பக்கம் நடாமல் இந்தப் பக்கம் நட்டேன், ஒரு அடி வித்தியாசம். முன்பு எங்கே நின்றது என்று எனக்கு என்ன தெரியும்? புகை, மண், அவசரம். சரியான இடம் யாருக்கும் தெரிந்திருக்காது. பதினொரு வருசமாக இந்த இடத்துக்கு வந்ததும் என் நினைவு முட்டிக்கொண்டு நின்றுவிடும், சேற்றில் சில்லுப் புதைந்த சைக்கிள் மாதிரி. எவ்வளவு மிதித்தாலும் அதே இடம். மறுநாள் வந்து அளந்தார்கள், படம் எடுத்தார்கள். குழி கட்டைக்கு வெளியே. வேலையாள் விதியை மீறிக் கட்டையைத் தாண்டினார் என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பில் சொன்னார்கள், வதனி மாதிரிக் கட்டையைத் தாண்டாதேங்கோ. சொன்னது நான். ஐந்து மாதம் அந்த வகுப்பை நான்தான் எடுத்தேன். பிறகு படகேறிக் கடலால் இந்த நாட்டுக்கு வந்துவிட்டேன்.

"பெரிசையே எடுப்பம் அண்ணை," என்கிறான் துவாரகன். "கடுகைப் பொறுக்கி ஆருக்குக் காணும். ஆழத்தில கிடக்கிற பெரிய கட்டியெல்லோ வேணும். இடத்தையும் கெதியா முடிக்கலாம். சின்னன் விடுபட்டாப் போகுது." சின்னன் விடுபட்டாப் போகுது. இவன் வாயில் இந்த வசனத்தை யார் கொண்டுவந்து வைத்தார்கள்? வேண்டாம் தம்பி என்கிறேன். அவன் ஏன் என்று கேட்கிறான். ஏன் என்ற கேள்விக்குத்தான் நான் காலையிலிருந்து பயந்துகொண்டிருக்கிறேன், இல்லை, அன்னதானத்திலிருந்து, இல்லை, அதற்கும் முன்னாலிருந்து. பெரியது சின்னதை விட்டுவிடும் என்று சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்பான். வேலையில் தெரியும் என்றால், அங்கே விட்டதா என்பான். அதற்கு மேல் ஒரே ஒரு படிதான். அந்தப் படியில் நின்றுகொண்டு இவன் முகம் எப்படி மாறும் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இந்த நாட்டில் என்னை அண்ணை என்று கூப்பிட்டு வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்கிறவன் இவன் ஒருவன்தான். வெள்ளிக்கிழமைகளில் எனக்காகப் புளிக்குழம்பில் கத்தரிக்காய் அதிகம் போடச் சொல்லுவான். ஒரு கத்தரிக்காய்க்காகவா இதை மறைக்கிறாய் என்று என்னையே கேட்கிறேன். ஓம், கத்தரிக்காய்க்காகவும்தான். தனியாக இருக்கிறவனுக்குத் தெரியும் அதன் பெறுமதி. ஜூடி மேசைக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்குகிறாள், துவாரகன் போனை எடுக்கிறான். "பொறுங்கோ, அக்காட்டைக் கேப்பம். அவவும் இதே வேலைதானே செய்தவ."

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் மணி அடிக்கிறது. அங்கே காலை ஒன்பதரை இருக்கும். எடுக்காதே, எடுக்காதே, தண்ணி அள்ளப் போயிரு, கடைக்குப் போயிரு. திரையில் ஒரு முகம் வருகிறது. கழுத்தில் தையல்காரர்களின் அளவு நாடா. பின்னால் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டைகள் தொங்குகின்றன. முன்நெற்றியில் நரை. பதினொரு வருசமாக இந்த முகத்தைக் காணாமல் ஓடித் திரிந்தேன், துவாரகன் வீட்டில் அவள் அழைக்கிற நேரம் எனக்கு எப்போதும் வெளியே ஒரு சிகரெட் வேலை இருக்கும். "ஆர், தாசண்ணையே? மெலிஞ்சு போனியள்," என்கிறாள். நானும் ஏதோ சொல்கிறேன், சுகமாக இருக்கிறியளோ என்று. "இருக்கிறன் அண்ணை. காலுக்குப் புதுசு மாத்தினது, கொஞ்சம் உரஞ்சுது." துவாரகன் போனை மேசைப் பக்கம் திருப்பி இரண்டு தட்டையும் காட்டுகிறான். எது எடுக்கிறது அக்கா, அண்ணை வாயே திறக்கிறாரில்லை. பின்னால் தையல் மெசின் ஓடுகிற சத்தம் கேட்கிறது, அவளின் கடையில் வேறு யாரோ தைக்கிறார்கள். பிறகு வதனி சொல்கிறாள். "சின்னதை எடு. பெரிசு சின்னனை விட்டிடும்." துவாரகன், "எல்லாரும் உதையே சொல்லுறியள்" என்கிறான். "தாசண்ணைட்டைக் கேளன், அவருக்கு வடிவாத் தெரியும்," என்கிறாள் வதனி. "ஒரு பின்னேரம் அவர் பெரிசைத் தோளில போட்டுக்கொண்டு தனியப் போனதை லொறிக்குப் பின்னால இருந்து கண்டனான். ஏன் சின்னது நல்லமெண்டு அவர் சொல்லுவார். சொல்லுங்கோ தாசண்ணை."

கண்டிருக்கிறாள். லொறியின் பின் பக்கத்தில் குந்திக்கொண்டு போகிறவளுக்கு றோட்டு வளையும்வரை காணி முழுதும் தெரியும், நான் ஏன் அதை யோசிக்கவில்லை? கண்டுவிட்டும் காலையில் போய்க் கயிறு கட்டினாள், ஏனென்றால் நான் நட்ட கட்டையை அவள் நம்பினாள். எப்போது விளங்கியது அவளுக்கு? ஆசுபத்திரிக் கட்டிலிலா, போன வருசமா? இவ்வளவு காலமும் தம்பிக்கு, "நான்தான் கட்டையைத் தாண்டினேன்" என்று ஏன் சொல்லிக்கொண்டிருந்தாள்? கோபமாக ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். அவள் குரலில் கோபம் இல்லை. பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற ரீச்சரின் குரல். துவாரகன் என்னைப் பார்க்கிறான், சிரித்த முகத்தோடு. இதுதான் நேரம். இதைவிட நல்ல நேரத்தை யாரும் எனக்குத் தட்டில் வைத்துத் தரமாட்டார்கள். வாயைத் திறக்கிறேன். "சின்னதெண்டா மண் இரைச்சல் குறைவு," என்கிறேன். "இஞ்ச கல்லில இரும்பு கூட. பத்தைக்குள்ளயும் விடலாம். பாரமும் இல்லை." எல்லாம் உண்மை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வதனி கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்து விரலில் சுற்றுகிறாள். "சரி அண்ணை," என்கிறாள். "கவனமாப் போங்கோ." முகம் போய்விடுகிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. மண் இரைச்சலாம். அவளிடம் போய் மண் இரைச்சலைப் பற்றிக் கதைத்தேன்.

சின்னத் தட்டை வாங்கியாகிவிட்டது. கடைக்குப் பின்னால் ஒரு மண் திட்டு இருக்கிறது, வாங்குகிறவர்கள் பழகிப் பார்க்க அதற்குள் சாமான்களைப் புதைத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லி ஜூடி கதவைத் திறந்து விடுகிறாள். வெளியே மேகம் மூடிய வானம், ஈரச் செம்மண். புதைத்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னக் கட்டை நட்டிருக்கிறாள், தலையில் சிவப்புப் பூசி. உலகத்தில் வேறு நிறமே இல்லையா. நான் சீமெந்து விளிம்பிலேயே நின்றுவிடுகிறேன், கால் மண்ணில் இறங்க மறுக்கிறது. துவாரகன் காதை மூடிய பெரிய ஹெட்போனைப் போட்டுக்கொண்டு மெசினை வீசுகிறான், பிழையாக, தட்டு நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில். வீசின வீச்சில் ஒரு கட்டை அடிபட்டு விழுகிறது. "அண்ணை, உதை ஒருக்கா நட்டு விடுங்கோ," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு அங்கால் போகிறான். பதினொரு வருசத்துக்குப் பிறகு ஒருவன் என்னிடம் கட்டையை நடச் சொல்கிறான். இறங்குகிறேன். முழங்காலில் இருக்கிறேன், அது தானாகவே மடிகிறது. கையைப் பொக்கற்றிலிருந்து எடுத்துக் கட்டையைத் தூக்குகிறேன். எங்கே நின்றது இது? தேடத் தேவையே இல்லை. ஓட்டை இருக்கிறது. ஈர மண்ணில், விரல் போகிற அளவில், கறுப்பாக, வடிவான ஒரு ஓட்டை. நட்ட கட்டை விழுந்தால் ஓட்டை இருக்கும். பளையிலும் இருந்தது. குழிக்கு அந்தப் பக்கம், ஒரு அடி தள்ளி, புகை எல்லாம் அடங்கின வெளிச்சத்தில் நான் அதைக் கண்டேன். சப்பாத்துக் குதியால் மண்ணைத் தள்ளி மூடினேன். இரண்டு தடவை மிதித்தேன், தடம் தெரியாமல் கையால் தடவிவிட்டேன், இந்தக் கையால், வலது கையால். எனக்குத் தெரியும். எப்போதும் தெரியும். சைக்கிள் ஒரு நாளும் சேற்றில் புதையவில்லை, நான்தான் மிதிக்காமல் நின்றேன்.

கட்டையை அதன் ஓட்டையில் வைத்து அமத்துகிறேன். அது இறுக்கமாக நிற்கிறது. துவாரகன் நாலடி தள்ளி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், காது இரண்டும் மூடியிருக்கின்றன, அவனுக்கு இப்போது நிலத்தின் சத்தம் மட்டும்தான் கேட்கும். அதனால்தான் சொல்கிறேன், அதை ஒளிக்கவில்லை. கேட்காத முதுகுக்குச் சொல்வது சுகம். "தம்பி, உன்ர அக்கா கட்டையைத் தாண்டேல்லை," என்கிறேன். சொல் வெளியே வந்து காற்றில் நிற்கிறது, என் குரல்தான், கொஞ்சம் கரகரத்து. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வெள்ளைக் கிளி கத்திக்கொண்டு போகிறது. சரி, சொல்லியாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று மனம் உடனே கணக்கை முடிக்கப் பார்க்கிறது, அவ்வளவு கள்ள மனம். துவாரகன் திரும்புகிறான். நான் மண்ணில் முழங்காலில் இருப்பதைக் காண்கிறான், வாய் அசைந்ததையும் கண்டிருப்பான். ஒரு பக்கத்துக் காதிலிருந்து ஹெட்போனைத் தூக்குகிறான்.

"என்ன அண்ணை, ஏதும் சொன்னனீங்களோ?"

ஒண்டுமில்லை என்ற சொல் நாக்கின் நுனியில் தயாராக வந்து நிற்கிறது, வழக்கம் போல முதல் ஆளாக. அதை விழுங்குகிறேன். மீன் முள்ளு இறங்குகிற மாதிரி இறங்குகிறது.

"உன்ர அக்கா கட்டையைத் தாண்டேல்லை," என்கிறேன். "அந்தப் பாதையைப் பெரிய தட்டாலை பாத்தது நான். கட்டையைத் தள்ளி நட்டதும் நான்தான்."

சிரிப்பு இன்னும் அவன் முகத்தை விட்டுப் போகவில்லை, போவதற்கு வழி தெரியாமல் நிற்கிறது. பிறகு மெதுவாகக் குனிந்து மெசினை நிற்பாட்டுகிறான்.